இராஜரட்ணம் மாஸ்ரரின் எட்டு விநாடி

ரொறன்ரோவுக்குக் கிழக்கே அஜக்ஸில் வசிக்கும் இராஜரட்ணத்தை ஸ்காபரோ முழுவதும் மாஸ்ரர் என்றுதான் அறியும். அவர் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவரல்ல. கார் ஓட்டப் பழக்குகிறவர். கூரையில் மஞ்சள் பலகை வைத்த வெள்ளைக் காரில், பழகுநருக்கு அருகே, காலடியில் மேலதிகமாகப் பூட்டிய பிரேக்குடன் பத்தொன்பது வருடங்கள் இருந்திருக்கிறார். அந்த வருடங்களில் அவர் சத்தம் போட்டதைக் கேட்ட பழகுநர் ஒருவருமில்லை. காரில் ஒரு குரலும் வீட்டில் வேறு குரலும் வைத்திருக்கும் ஆட்கள் உண்டு. இவருக்கு இரண்டு இடத்திலும் ஒரே குரல், அதுவும் காரில் பாவிக்கிற குரல்.

இந்தச் சாதுவான மனிதருக்கு உலகத்திலேயே அதிகம் பிடித்த காட்சி, எண்ணூறு கிலோ நிறையுள்ள ஒரு காளை தன் முதுகில் ஏறியவனைத் தூக்கி எறிவது.

ஆசை பிறந்த இடம் சாரதிப் பத்திரத்துக்கு ரோட் ரெஸ்ற் எடுக்கும் நிலையத்தின் காத்திருப்பு அறை. பழகுநரைப் பரிசோதகரோடு வீதிக்கு அனுப்பிவிட்டு மாஸ்ரர்மார் அங்கே இருந்து பிரார்த்திப்பது வழக்கம். ஒன்பது வருடங்களுக்கு முன் ஒரு மாசி மாதம், அங்கிருந்த சத்தமில்லாத தொலைக்காட்சியில் காளைச் சவாரி ஓடிக்கொண்டிருந்தது. இரும்புக் கதவு திறக்க ஒருவன் காளையோடு வெளியே வந்தான். ஒரு கை கயிற்றில், மற்றக் கை ஆகாயத்தில். மூன்றாவது விநாடியில் முழு ஆளும் ஆகாயத்தில். மாஸ்ரர் எழுந்து தொலைக்காட்சிக்குக் கிட்டப் போய் நின்றார். அன்றைக்கு அவருடைய பழகுநர் ரெஸ்ற்றில் பாஸா பெயிலா என்பது இப்போது அவருக்கு ஞாபகமில்லை.

விளையாட்டின் சட்டம் சுருக்கமானது. ஒற்றைக் கையால் கயிற்றைப் பிடித்தபடி எட்டு விநாடி தாக்குப்பிடிக்க வேண்டும். சும்மா இருக்கும் கை காளையில் படக்கூடாது. நூறு புள்ளியில் பாதி ஓட்டுகிறவனுக்கு, பாதி காளைக்கு. ஓட்டுகிறவன் முன்கூட்டியே விழுந்தால் அவனுக்கு ஒன்றுமில்லை. காளைக்கு அதன் புள்ளி உண்டு. இந்த ஒரு நியாயத்துக்காகவே மாஸ்ரர் அந்த விளையாட்டை மதித்தார். ஏறியவனுக்கு மட்டும் பெயர் கொடுக்கிற உலகத்தில், ஏற்றிக்கொண்டு திரிந்ததற்கும் புள்ளி போட யாரோ நினைத்திருக்கிறார்கள் அல்லவா.

அவருடைய காளையின் பெயர் பிளாக் ஐஸ். அல்பேர்ட்டாப் பண்ணை ஒன்றில் வளர்ந்த கறுப்பன். கனடாவில் ஒரு குளிர்காலமாவது கார் ஓட்டியவருக்கு இந்தப் பெயரை விளங்கப்படுத்தத் தேவையில்லை: வீதியில் கண்ணுக்குத் தெரியாமல் படிந்திருக்கும் பனிக்கட்டி, அது இருப்பது தெரியவரும்போது நீங்கள் வீதியோரக் கானுக்குள் கிடப்பீர்கள். இதுவரை அறுபத்தொரு பேர் அதில் ஏறியிருந்தார்கள். எட்டு விநாடி இருந்தவர்கள் இரண்டே பேர். மாஸ்ரர் அந்த ஐம்பத்தொன்பது வீழ்ச்சிகளில் பெரும்பாலானவற்றைத் திரையில் பார்த்திருக்கிறார். நேரில் ஒன்றுகூட இல்லை. காளை எப்போதும் மேற்கில், இவர் எப்போதும் கிழக்கில்.

இந்த வருடம் செய்தி வந்தது. பிளாக் ஐஸ் இந்தப் பருவத்தோடு ஓய்வு பெறுகிறது. அதன் கடைசி ஓட்டம் ரொறன்ரோவில் நடக்கும் சாம்பியன்ஷிப்பின் இறுதிச் சுற்றில், ஞாயிறு பின்னேரம்.

மாஸ்ரர் ஒரு ரிக்கற் வாங்கினார். ஒன்றே ஒன்று. மணல் தெறிக்கிற தூரத்தில், வேலியை ஒட்டி.

அங்கேதான் பிழை தொடங்கியது. எங்கள் ஆட்கள் ஒன்றுக்கும் தனியப் போவதில்லை. ஒருவர் ஒரு நிகழ்ச்சிக்குத் தனியாக வந்தால் வீட்டில் ஏதோ சரியில்லை என்று பொருள். அந்தப் பொருளை இடைவேளைக்கு முன்பே நாலு பேர் விரித்துரைத்து முடித்துவிடுவார்கள். மனைவி கமலாம்பிகைக்குக் காளைச் சவாரியில் இருந்த எதிர்ப்பு சமய சம்பந்தமானது. நந்தியின் முதுகில் ஏறுகிறவர்களைக் கைதட்டிப் பார்ப்பது என்ன சைவம் என்று கேட்டார். ஏறுகிறவனைப் பார்க்கப் போகவில்லை, விழுத்துகிறவரைப் பார்க்கத்தான் போகிறேன் என்று மாஸ்ரர் விளக்கினார். கமலாம்பிகை அந்த வாதத்தை ஏற்றுக்கொண்டார். ஆனால் தனியாகப் போவதை ஏற்றுக்கொள்ளவில்லை. தானும் வரமாட்டார், அவரைத் தனியே விடவும் மாட்டார் என்ற இரண்டு நிலைப்பாட்டையும் ஒரே நேரத்தில் வைத்திருந்தார். இதில் முரண்பாடு இருப்பதாக அவருக்குத் தெரியவில்லை.

அப்படித்தான் பக்கத்து வீட்டு இக்னேசியஸும் அவருடைய மனைவி பேர்ணடெற்றும் இந்தக் கதைக்குள் வந்தார்கள். இக்னேசியஸ் நல்ல மனிதர், பொருட்களஞ்சியத்தில் வேலை, எந்த நிகழ்ச்சி என்றாலும் வருவார். காளைச் சவாரி என்றால் என்னவென்று அவர் கேட்கவில்லை. எத்தனை மணிக்கு என்று மட்டும் கேட்டார்.

மூன்று பேரும் கிட்ட இருக்க வேண்டுமென்று கமலாம்பிகை சொன்னதால், மாஸ்ரர் வேலியோர இடத்தைக் கைவிட்டு மேலே இருபதாவது வரிசைக்கு மாறினார். அங்கும் மூன்று இடம் ஒன்றாகக் கிடைக்கவில்லை. படியோரம் மாஸ்ரருக்கு ஒன்று, அதற்கு நேர் பின்னால் அவர்களுக்கு இரண்டு.

போட்டி இரண்டு மணிக்கு. அஜக்ஸிலிருந்து நகர மையத்துக்கு ஒரு மணித்தியாலம் போதும். மாஸ்ரர் எங்கள் ஆட்களின் நேரக் கணக்கை நன்றாகத் தெரிந்தவர் என்பதால், போட்டி பன்னிரண்டரைக்கு, பதினொன்றுக்கு வெளிக்கிட வேண்டும் என்று இக்னேசியஸிடம் சொன்னார். இக்னேசியஸும் அதே கணக்கைத் தெரிந்தவர். பன்னிரண்டரை என்று சொன்னால் இரண்டாக இருக்கும் என்று அவர் மிகச் சரியாகக் கண்டுபிடித்து, அந்த இரண்டு மணி உண்மையில் மூன்றுக்குத்தான் தொடங்கும் என்று மேலும் ஒரு படி போய், ஒரு மணிக்குக் கதவைத் திறந்து வெளியே வந்தார். பேர்ணடெற் இன்னும் பத்து நிமிடம் கழித்து ஒரு பெட்டியோடு வந்தார். பெட்டிக்குள் ரோல்ஸ், கட்லற்.

“அங்கை ஹொட்டோக்கைத் தவிர வேறென்ன கிடக்கப்போகுது மாஸ்ரர்?” என்றார் பேர்ணடெற். “பசியோடை மாடு பாக்க ஏலுமே?”

நெடுஞ்சாலை 401இல் இன்னொரு துன்பம் காத்திருந்தது. வேறு கார் இல்லாததால் மஞ்சள் பலகைக் காரில்தான் போனார்கள். முன்னால் இருந்த இக்னேசியஸின் காலடியில் மேலதிக பிரேக் இருந்தது. பக்கத்துப் பாதையிலிருந்து யாராவது உள்ளே வந்தால் இக்னேசியஸின் கால் தானாக அழுத்தியது. இரண்டு முறை பின்னால் வந்த லொறி ஹோர்ன் அடித்தது. மாஸ்ரர் பழகுநர்களிடம் சொல்வதைப் போலவே, “அதை நான் பாத்துக்கொள்ளுறன், நீர் காலை எடும்” என்று மென்மையாகச் சொன்னார். ஸ்ரீயரிங்கைப் பிடித்திருந்த அவருடைய விரல்கள் அவ்வளவு மென்மையாக இல்லை.

அரங்க வாசலுக்கு வந்தபோது இரண்டேகால். உள்ளே வாணவெடி வெடிக்கும் சத்தம் கேட்டது. வெளிச் சாப்பாட்டுக்கு அனுமதியில்லை என்று காவல் பெண் பெட்டியைக் காட்டினாள். அருகே நின்ற குப்பைத் தொட்டியையும் காட்டினாள். பேர்ணடெற் அந்தத் தொட்டியைப் பார்த்த பார்வையில் அவளே கையைக் கீழே போட்டுக்கொண்டாள். சாப்பாட்டை எறிவது பேச்சுக்கே இடமில்லாத விடயம். எனவே மூவரும் வாசலுக்கு வெளியே, கௌபோய்த் தொப்பி போட்ட கூட்டம் கடந்துபோக, சுவரோரம் நின்று இருபத்திரண்டு ரோல்ஸையும் பதினொரு கட்லற்றையும் சாப்பிடத் தொடங்கினார்கள். மாஸ்ரர் ஞாயிற்றுக்கிழமையில் மச்சம் மாமிசம் சாப்பிடுவதில்லை. அவருக்கென்று தனியாக மரக்கறி ரோல்ஸ் ஏழு செய்திருந்தார் பேர்ணடெற். அந்த அன்பை மறுப்பது எப்படி? ஏழும் சாப்பிட்டார். மிஞ்சியதைக் காவல் பெண்ணுக்கும் அவளுடைய மேலாளருக்கும் கொடுத்தார்கள். இருவரும் அதை வாங்கிச் சாப்பிட்டார்கள். சட்டம் உள்ளே கொண்டுபோவதைத்தான் தடுக்கிறது போலும்.

உள்ளே போனபோது முதற்சுற்றில் பாதி முடிந்திருந்தது. மாஸ்ரர் தன்னைத் தேற்றிக்கொண்டார். பிளாக் ஐஸ் கடைசிச் சுற்றில் கடைசிக் காளை. அதற்கு இன்னும் ஒன்றரை மணித்தியாலம் இருந்தது. இவ்வளவு தடங்கலுக்குப் பிறகும் அவர் தன் இடத்தில் இருந்தார். கண்ணுக்கு முன்னால் மணல். மணலுக்கு அப்பால் இரும்புக் கதவுகள். அவற்றில் ஒன்றுக்குப் பின்னால் கறுப்பன் நின்றான்.

ஆனால் இரசிகராக இருக்க அமைதி வேண்டும். பின்னாலிருந்து இக்னேசியஸ் ஒவ்வொரு சவாரிக்கும் கேள்வி கேட்டார். விழுந்தவனுக்குக் காப்புறுதி இருக்கிறதா, காளைக்கு நோகுமா, அந்தக் கோமாளி வேடம் போட்டவர் ஏன் ஓடுகிறார், மணலை எங்கிருந்து கொண்டுவந்தார்கள், முடிய எங்கே கொட்டுவார்கள். மாஸ்ரர் ஒவ்வொன்றுக்கும் திரும்பிப் பதில் சொன்னார். கேட்டவருக்கு முகம் காட்டாமல் பதில் சொல்வது அவருக்குப் பழக்கமில்லை. அப்படி அவர் மணலைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தபோது ஒருவன் தொண்ணூறு புள்ளி எடுத்தான். பேர்ணடெற் விழுந்த ஒவ்வொருவருக்கும் சிலுவை போட்டார். விழாதவர்களுக்கு என்ன செய்வதென்று தெரியாமல் கைதட்டினார். காளையின் பக்கம் நின்றவர் அந்தப் பகுதியிலேயே மாஸ்ரர் ஒருவர்தான். ஒருவன் மண்ணில் புரளும்போது எழுந்து கைதட்டியதால் முன்வரிசைத் தொப்பிக்காரர் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார்.

இறுதிச் சுற்று வந்தது. பத்துப் பேர் மிஞ்சியிருந்தார்கள். ஒன்பது காளைகள் வந்து போயின. விளக்குகள் மங்கின. பெரிய திரையில் பிளாக் ஐஸின் பழைய வெற்றிகளைக் காட்டினார்கள். மாஸ்ரருக்கு அவை மனப்பாடம். அறிவிப்பாளர், ஒன்பது வருட வாழ்க்கையின் கடைசி ஓட்டம் என்று சொன்னார். எட்டாயிரம் பேரும் எழுந்தார்கள். மாஸ்ரர் அலைபேசியை அணைத்துப் பைக்குள் போட்டார். கண்ணால் பார்ப்பதற்கு மட்டுமே வந்தவர் அவர். கதவுக்கு மேலால் கறுப்பு முதுகின் ஒரு துண்டு தெரிந்தது. அதில் ஒருவன் மெதுவாக இறங்கி அமர்ந்து கயிற்றைக் கையில் சுற்றத் தொடங்கினான். இனித் தலையை ஒரு முறை ஆட்டுவான். ஆட்டினால் கதவு திறக்கும்.

“மாஸ்ரர் எல்லே?”

குரல் பின்னாலிருந்து, படியிலிருந்து வந்தது. நீல ஜக்கற், கையில் சிறிய ரோர்ச் லைற். அரங்கில் ஆட்களை இருத்திவைக்கும் வேலை செய்யும் ஒரு தமிழ் அம்மா, அறுபத்தைந்து வயது இருக்கும், இக்னேசியஸின் வரிசைக்குப் பக்கத்தில் நின்றார்.

“நான் கௌசியின்ர மாமி. அஜின்கோர்ட்டிலை இருக்கிறம். உங்களிட்டைத்தானே அவள் கார் பழகினவள்.”

இதற்கு இரண்டு விடைகள் இருந்தன. ஒன்று, ‘அன்ரி, கொஞ்சம் பொறுங்கோ’. இந்த மூன்று சொல்லையும் சொல்ல இரண்டு விநாடி போதும். மூத்த ஒருவர் நின்றுகொண்டு பேசும்போது அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மாடு பார்க்கக் கூடாது என்று மாஸ்ரரின் உடம்பு முடிவெடுத்தது. அவர் இரண்டாவதைச் செய்தார்: முழுதாகத் திரும்பினார்.

“ஓம் அன்ரி. சுகமா இருக்கிறியளோ?”

“என்ன சுகம். பிள்ளை திரும்பவும் பெயில். மூண்டாந்தரம்.”

“எதிலை பிழை விட்டவ?”

அவருக்குப் பின்னால் அறிவிப்பாளர் ஓட்டுகிறவனின் பெயரைச் சொன்னார். அரங்கு முழுவதும் ஒரே குரலில் எழும்பியது.

“எதிர்ப் பாதைக்குக் குறுக்காலை இடப்பக்கம் திருப்புறதிலைதான்” என்றார் அன்ரி, கூச்சலுக்கு மேலால். “எதிரை வாற எல்லாரையும் போக விடுறாளாம். இவளின்ர முறை வந்தாலும் போகாமல் நடுச்சந்தியிலை நிண்டு கை காட்டுறாளாம், நீங்கள் போங்கோ, நீங்கள் போங்கோ எண்டு.”

“முறை வந்தால் எடுக்கோணும் எண்டு சொல்லிக் குடுத்தனான் அன்ரி.”

“சொல்லிக் குடுத்து என்ன, மரியாதைக்காறியாப் போயிட்டாள். ஞாயிற்றுக்கிழமையிலை என்னை இஞ்சை கொண்டந்து விட ஆளில்லை. ரெண்டு பஸ் மாறி வாறன்.” இரும்புக் கதவு திறந்து மோதும் சத்தம் கேட்டது. அன்ரியின் கண்கள் மாஸ்ரரின் தோளுக்கு மேலால் எங்கோ போயின. “ஐயோ, அந்தப் பொடியன் விழுந்திட்டான். மாடு என்ன உயரத்துக்கு எழும்புது, பாருங்கோ.”

மாஸ்ரர் பார்த்தார். ஓட்டுகிறவன் வேலியில் தொங்கிக்கொண்டிருந்தான். பிளாக் ஐஸ், வேலை முடித்து வீட்டுக்குப் போகிறவரைப் போல, தலையை ஒருமுறை உதறிவிட்டு வெளிவாசலுக்குள் நடந்து போனது. வால் கடைசியாகப் போனது. கதவு மூடியது.

மூன்று புள்ளி நான்கு விநாடி. காளைக்கு ஐம்பதில் நாற்பத்தேழரை. அந்த நாளின் ஆகக் கூடிய புள்ளி. பெரிய திரையில் மெதுவாக மறுபடி காட்டினார்கள். மாஸ்ரர் அந்தப் பக்கம் திரும்பவில்லை. திரையில் பார்ப்பதென்றால் அஜக்ஸில் சோபா இருக்கிறது.

அன்ரி இன்னும் நின்றுகொண்டிருந்தார். காளை ஓடியதை முழுதாகப் பார்த்தவர் அவர். அதில் அவருக்கு அக்கறை இல்லை. மாஸ்ரர் அவரிடம், திங்கட்கிழமை நாலரைக்குக் கௌசியை ஆயத்தமாக நிற்கச் சொல்லுங்கள், இடப்பக்கத் திருப்பம் மட்டும் ஒரு மணித்தியாலம் செய்விக்கிறேன் என்றார். காரில் பாவிக்கிற அதே குரல். அன்ரி அவருடைய கையைப் பிடித்து, கடவுள்தான் இன்றைக்கு உங்களைக் கண்ணில் காட்டினார் என்று சொல்லிவிட்டுப் படியேறிப் போனார். எந்தக் கடவுள் என்று மாஸ்ரர் கேட்கவில்லை. அந்தக் கடவுள் நந்தியில் போகிறவராக இருந்திருக்க நியாயமில்லை.

“அண்ணை, யோசியாதையுங்கோ” என்றார் இக்னேசியஸ். “நான் எல்லாத்தையும் எடுத்துப்போட்டன்.”

மாஸ்ரர் வாழ்க்கையில் முதல் தடவையாக இக்னேசியஸை ஒருவித பாசத்தோடு பார்த்தார். அலைபேசியை வாங்கிப் முப்பது விநாடி வீடியோவைப் போட்டார். படம் தெளிவாக இருந்தது. அதன் நடுவில், நெற்றியிலிருந்து இடுப்புவரை, மாஸ்ரர் நின்றார். மரியாதையாகச் சிரித்தார். தலையை ஆட்டினார். ‘எதிலை பிழை விட்டவ’ என்று கேட்டார். அவருடைய வலது காதுக்குப் பக்கத்தில், ஒரு விநாடியிலும் குறைந்த நேரம், இரண்டு கறுப்புக் கால்கள் அந்தரத்தில் தோன்றி மறைந்தன.

“கொஞ்சம் விலத்திப் பிடிச்சிருக்கலாமே, இக்னேசியஸ்?”

“என்ன அண்ணை நீங்கள். ஆளில்லாமல் மாட்டை மட்டும் எடுத்து என்ன செய்யிறது? நீங்கள் வந்ததுக்கு ஒரு அத்தாட்சி வேண்டாமே?”

திருமணம், பெண்பிள்ளையின் சாமத்திய வீடு, நயாகரா நீர்வீழ்ச்சி, எல்லாவற்றுக்கும் முன்னால் ஆள் நின்றுதான் எங்கள் படங்கள் எடுக்கப்பட்டிருக்கின்றன. நீர்வீழ்ச்சியை மறைத்துக்கொண்டு அவரே ஒரு தடவை நின்றிருக்கிறார்.

திரும்பி வரும்போது பேர்ணடெற் முன்னால் ஏறினார். தன் காலை எங்கே வைக்க வேண்டும் என்று முதலிலேயே கேட்டுக்கொண்டார். இக்னேசியஸ் பின்னால் இருந்து வீடியோவை இரு வீட்டாருக்கும் பொதுவான வட்ஸப் குழுவில் போட்டார். ‘மாஸ்ரர் காளைச் சவாரி பார்க்கும் காட்சி’ என்று தலைப்பும் எழுதினார். அஜக்ஸ் கிட்டியது. இடப்பக்க வேகப் பாதையில் ஒரு லொறி மணிக்குத் தொண்ணூறில் ஊர்ந்து போனது. முந்த இடம் இருந்தும் அவர் பின்னாலேயே போனார்.

பின்னாலிருந்து அலைபேசி ஒருமுறை ஒலித்தது.

“கமலாம்பிகை அக்கா எழுதியிருக்கிறா, அண்ணை” என்றார் இக்னேசியஸ். “‘வடிவா இருக்கிறியள், மாடு எங்கை?’ எண்டு கேக்கிறா. என்ன போடட்டும்?”

மாஸ்ரர் அஜக்ஸுக்கு இறங்க வலப்பக்கச் சிக்னலைப் போட்டார். கண்ணாடியில் பார்த்தார். தோளுக்கு மேலாலும் பார்த்தார்.

“போயிட்டுது எண்டு போடும்.”